லுட்விக், லூயி, குளோவிஸ்: ஒரு பெயரின் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள்

கேள்வி இது: பீத்தோவன் மீதுள்ள பிரியத்தால், பிறக்கப்போகும் மகனுக்கு லுட்விக் என்று பெயரிட ஒரு தம்பதி எண்ணியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் ‘புகழ்பெற்ற போர்வீரன்’ என்று பொருள் போட்டிருக்கின்றன. அது சரிதானா? பழைய ஜெர்மானியப் பெயர் என்கிறார்களே, எவ்வளவு பழையது? லூயி என்பதும் இதே பெயர்தான் என்பது உண்மையா?

கடைசிக் கேள்விக்கான விடை எளிது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உண்மைதான். ஜெர்மன் மொழியின் லுட்விக், பிரெஞ்சின் லூயி, ஆங்கிலத்தின் லூயிஸ், இத்தாலியின் லுயீஜி, லுடோவிக்கோ, ஸ்பெயினின் லுயிஸ், ஹங்கேரியின் லாயோஷ், டச்சு மொழியின் லோடவைக், போலந்தின் லுட்விக், பழைய நார்ஸ் கதைகளில் வரும் ஹ்லோத்வேர், பிரெஞ்சு வரலாற்றின் முதல் பக்கத்தில் நிற்கும் குளோவிஸ் எல்லாம் ஒரே பெயர். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் வழங்கும் அலோசியஸ் என்பதையும் பெரும்பாலோர் இந்த வரிசையில்தான் சேர்க்கிறார்கள். பழமையைப் பொறுத்தவரை, இந்தப் பெயர் தாங்கிய பேர்பெற்ற முதல் மனிதர் 5ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். பெயரின் உறுப்புகள் அதைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் மூத்தவை.

பொருள் பற்றிய கேள்விதான் சற்று நின்று பேச வேண்டியது. ‘புகழ்பெற்ற போர்வீரன்’ என்பது பாதி சரி. பெயருக்குள் புகழும் இருக்கிறது, போரும் இருக்கிறது. ஆனால் அவ்விரண்டையும் ஒட்டி ஒரு வாக்கியமாகப் படிப்பது பிற்காலத்துப் பழக்கம். அதைவிட, இந்தப் பெயரை வைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பொருளைப் பார்த்து வைக்கவே இல்லை.

மொழியியலாளர்கள் இதற்கு மீட்டெடுத்திருக்கும் மூல வடிவம் ‘ஹ்லூதவீகஸ்’ என்பதற்கு நெருக்கமானது. எந்தக் கல்லிலும் ஏட்டிலும் இந்த வடிவம் கிடையாது. பிற்காலக் கிளைமொழிகளை ஒப்பிட்டு, வேர் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று கணித்தது. முதல் பகுதி ஹ்லூத. உரக்க ஒலிப்பது, ஆகவே பலர் காதிலும் விழுந்தது, ஆகவே புகழ்பெற்றது. ஆங்கிலத்தின் லவுட், ஜெர்மன் மொழியின் லவுட் இரண்டும் இதே சொல்லின் இன்றைய உருவங்கள். அவற்றில் புகழ் என்ற பொருள் உதிர்ந்து சத்தம் மட்டும் மிஞ்சிவிட்டது.

சத்தத்துக்கும் புகழுக்கும் என்ன தொடர்பு என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்ற குறளில் வரும் இசை, பாட்டு இல்லை. ஒலிக்கும் அதே சொல்தான் புகழையும் குறிக்கிறது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலும் அதே சிந்தனை. அங்கே ‘கேட்டல்’ என்ற பொருளுடைய ஒரு வேர் இருந்தது. அதிலிருந்து கிரேக்கத்தில் கிளெயோஸ் என்ற சொல் வந்தது, புகழ் என்று பொருள். பெரிக்ளீஸ், சோஃபோக்ளீஸ், ஹெராக்ளீஸ், கிளியோபாட்ரா ஆகிய பெயர்களில் எல்லாம் அது ஒளிந்திருக்கிறது. ஸ்லாவிய மொழிகளில் ஸ்லாவா ஆனது. விளாதிஸ்லாவ், யாரோஸ்லாவ் என்ற பெயர்களின் வால் அதுதான். சமஸ்கிருதத்தில் சிரவஸ், சுருத, சுருதி என்று கிளைத்தது. கச்சேரி மேடையில் நாம் சேர்க்கும் சுருதி, லுட்விக் என்ற பெயரின் முதல் பாதிக்குத் தூரத்து உறவு.

எழுத்தளவில் இவற்றுக்குள் ஒற்றுமை தெரியாது. கிரேக்கத்தில் க, சமஸ்கிருதத்தில் ச, ஜெர்மானியத்தில் ஹ. ஆனால் இந்த மாற்றம் தற்செயல் இல்லை. மூலமொழியின் ககர ஒலிகள் ஜெர்மானியக் கிளையில் ஒழுங்காக ஹகரம் ஆயின என்பதை யாக்கோப் கிரிம் 1822இல் விதியாக வகுத்துக் காட்டினார். தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். 1853இல் அடால்பர்ட் கூன் என்ற அறிஞர் இன்னொன்றைக் கவனித்தார். இலியட் காவியத்தில் அக்கிலீஸ் பேசும் ‘அழியாப் புகழ்’ என்ற தொடரும், ரிக்வேதத்தில் வரும் ‘அழியாப் புகழ்’ என்ற தொடரும் பொருளில் மட்டுமல்லாமல் சொல்லுக்குச் சொல் வேரிலும் ஒத்துப்போகின்றன. புகழைத் தேடும் வீரன் என்ற பேச்சு கிரேக்கரும் வேத கால மக்களும் பிரிவதற்கு முன்பே கவிஞர்கள் வாயில் இருந்திருக்கிறது என்பது அதன் உட்பொருள். லுட்விக்கின் முதல் பாதி அந்தக் கவிமொழியிலிருந்து வந்த சரக்கு.

இரண்டாம் பகுதி வீக. போர், போரிடுதல். பழைய ஆங்கிலத்தில் வீக் என்றால் யுத்தம். லத்தீன் மொழியில் வெல்வதைக் குறிக்கும் வின்கரே என்ற வினையையும், அதன் வழிவந்த விக்டர் என்ற சொல்லையும் இதே வேரோடு சேர்ப்பார்கள். ஆகவே விக்டர் என்ற பெயருக்கும் லுட்விக்கின் வாலுக்கும் உறவு உண்டு. இதைப் பெயர்ப் பட்டியல்கள் சொல்வதில்லை.

ஹ்லூத, வீக இரண்டும் தெரிந்துவிட்டால் பொருள் முடிந்ததுதானே என்று தோன்றும். அங்கேதான் பட்டியல்கள் வழுக்குகின்றன.

பழைய ஜெர்மானியர் பெயர் வைத்த முறையைப் பார்க்க வேண்டும். அவர்களிடம் பெயருக்கென்றே ஒதுக்கிய சில பத்துச் சொற்கள் இருந்தன: புகழ், போர், படை, ஆட்சி, ஒளி, ஓநாய், கரடி, ஈட்டி, காவல் போன்றவை. இரண்டை எடுத்து ஒட்டினால் ஒரு பெயர். குழந்தைக்குத் தந்தையின் பெயரிலிருந்து ஒரு பாதி, தாயின் பெயரிலிருந்து ஒரு பாதி என்று எடுப்பதும் உண்டு. இங்கிலாந்தின் வூஸ்டரில் 11ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்த வுல்ஃப்ஸ்டன் நல்ல உதாரணம். தந்தை ஏத்தல்ஸ்டன், தாய் வுல்ஃப்கிஃபு. தாயின் வுல்ஃப், தந்தையின் ஸ்டன். நேராகப் படித்தால் ‘ஓநாய்க் கல்’. அப்படி ஒரு கல்லைப் பெற்றோர் மனத்தில் நினைத்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் சொல்ல விரும்பியது இவன் எங்கள் இருவரின் பிள்ளை என்பதே. பெண்களுக்கு இடும் ஹெட்விக் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியும் போர், இரண்டாம் பாதியும் போர். ‘போர்ப் போர்’ என்று ஒரு பெண் குழந்தைக்குப் பொருள் சொல்லிப் பெயரிட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது.

இதே வழக்கம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் முழுக்கப் பரவியிருந்தது. நமக்குப் பழகிய மகாபாரதத்திலேயே சாட்சி இருக்கிறது. திரௌபதியின் ஐந்து புதல்வர்களில் ஒருவன் சுருதசேனன், இன்னொருவன் சுருதகர்மா. இராமாயணத்தில் சத்ருக்கனன் மனைவி சுருதகீர்த்தி. இந்த மூவர் பெயரிலும் முன்னால் நிற்கும் சுருத, லுட்விக்கின் லுட் இரண்டும் ஒரே வேர். சுருதசேனன் என்றால் புகழும் சேனையும். இன்றைய பிரான்சில் ஆட்சி அமைத்த ஜெர்மானிய இனத்தார் பிராங்குகள். அந்தப் பிராங்கிய அரச குடும்பத்தில் குளோத்தார் என்ற பெயர் உண்டு. ஹ்லூத என்றால் புகழ், ஹாரி என்றால் படை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு அரச மரபுகள் ஒரே கருத்தை ஒரே அச்சில் வார்த்திருக்கின்றன. முன்பாதி ஒரே வேர், பின்பாதி வேறு வேர் என்றாலும் பொருள் ஒன்றே. எனக்கு இந்தப் பெயரின் வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குளோத்தார் யார்? குளோவிஸின் மகன். இனி அந்த முதல் லுட்விக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ 466இல் பிறந்து, 481இல் சாலியப் பிராங்குகளின் அரசனானவர் குளோவிஸ். தந்தை பெயர் கில்டெரிக். 486இல் சுவாசோன் நகருக்கு அருகே சியாக்ரியஸ் என்ற ரோமானியத் தளபதியை முறியடித்து வடக்கு காலியாவை, அதாவது இன்றைய பிரான்சின் வடபகுதியை, கைப்பற்றினார். 507இல் வூயே போரில் விசிகோத்துகளை வென்றார். ரீம்ஸ் நகரின் ஆயர் ரெமிஜியஸ் கையால் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். பாரிஸைத் தலைநகராக்கி 511இல் இறந்தார். அவர் மனைவி குளோத்தில்டா, பிள்ளைகளில் ஒருவர் குளோடோமர், இன்னொருவர் குளோத்தார், பேரன் குளோடோவால்ட். ஒரே பல்லவியைச் சுற்றி வருவதுபோல இந்தக் குடும்பம் முழுக்க ஒரே ஒலி கேட்கிறது. அந்தப் பேரன் துறவியானார். பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள சேன் குளூ என்ற ஊர் அவர் பெயரால் வழங்குகிறது.

குளோவிஸ் என்று நாம் சொல்லும் பெயரை அவர் காலத்து லத்தீன் எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். காரணம், பிராங்குகள் சொன்ன முதல் ஒலி. தொண்டையின் பின்புறத்திலிருந்து உரசி வரும் ஹகரமும் உடனே லகரமும். அது லத்தீன் நாக்குக்கு வராது. 6ஆம் நூற்றாண்டில் பிராங்குகளின் வரலாற்றை எழுதிய தூர் நகர ஆயர் கிரிகரி அதைக் ககரம்போல எழுதி, ‘குளோடோவேக்குஸ்’ என்ற வடிவத்தைத் தந்தார். இத்தாலியில் ஆண்ட கோத்திய அரசர் தியோடோரிக்கின் அரண்மனையில் கடிதம் எழுதிய காசியோடோரஸ், முதல் ஒலியை விட்டுவிட்டு ‘லுடுயின்’ என்றே எழுதினார். ஆக, மனிதர் உயிரோடு இருக்கும்போதே பெயர் இரண்டாகப் பிரியத் தொடங்கிவிட்டது. ககரத்தைப் பிடித்துக்கொண்ட கிளை குளோவிஸ். லகரத்தில் தொடங்கிய கிளை லூயியும் லுட்விக்கும்.

அந்தக் கடிதத்தில் ஒரு சுவையான செய்தி உண்டு. குளோவிஸ் தம் அரண்மனைக்கு ஒரு யாழிசைக் கலைஞர் வேண்டும் என்று கேட்டிருந்தார். தியோடோரிக் அந்தக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தத்துவ அறிஞர் போயத்தியஸிடம் கொடுத்து, தேர்ந்தவரை அனுப்பிவைத்தார். வரலாறு அறிந்த முதல் லுட்விக், வெளியூரிலிருந்து இசைக்காரரை வரவழைத்தவர். பீத்தோவனுக்காக இந்தப் பெயரைத் தேடும் தம்பதிக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஓர் எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். குளோவிஸ் என்பதில் இருப்பது புகழே இல்லை என்று சில அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள். அவர்கள் காட்டும் காரணங்கள் இரண்டு. மற்ற ஜெர்மானியப் பெயர்களில் உகரத்தை உகரமாகவே எழுதும் கிரிகரி, இங்கே மட்டும் ஒகரம் போடுகிறார். எனவே முதல் பகுதி பங்கு, சீட்டு, கொள்ளையில் கிடைத்த கூறு என்ற பொருளுடைய வேறு சொல்லாக இருக்கலாம். அடுத்தது, குளோடோமர் என்ற பெயரின் பின்பாதியான ‘மர்’ என்பதற்கும் புகழ் என்றே பொருள். ‘புகழ்ப் புகழ்’ என்று யாராவது பெயர் வைப்பார்களா?

இரண்டாவது காரணம் எனக்கு வலுவாகத் தெரியவில்லை. ‘போர்ப் போர்’ என்று ஹெட்விக் இருக்கும்போது ‘புகழ்ப் புகழ்’ என்று குளோடோமர் இருப்பதில் என்ன வியப்பு? முதல் காரணம் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் புகழ் என்ற விளக்கத்துக்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது.

சாட்சி சொன்னவர் எர்மோல்டஸ் நிகெல்லஸ் என்ற கவிஞர். 820களில், பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் மகனான பேரரசர் லூயியின் சினத்துக்கு ஆளாகி ஸ்ட்ராஸ்பூர்கில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தார். மன்னிப்புப் பெற வேண்டும் என்று பேரரசரைப் புகழ்ந்து லத்தீனில் நீண்ட பாட்டு ஒன்று எழுதினார். அதில் அரசர் பெயருக்குப் பொருள் சொல்கிறார். முதலில் லத்தீன் வழியில் ஒரு விளக்கம்: லூடுஸ் என்றால் விளையாட்டு, குடிகளை அமைதியாக வாழவைத்து விளையாட விடுபவர் என்பதால் இந்தப் பெயர். அப்பட்டமான முகத்துதி. பிறகு அவரே, பிராங்கிய மொழி வழியில் விளக்கம் வேண்டுவோருக்கு என்று தொடங்கி, ‘ஹ்லுட்டோ’ என்றால் மிகுபுகழ் உடையது, ‘விக்’ என்றால் மார்ஸ் என்கிறார். மார்ஸ், ரோமானியரின் போர்க்கடவுள். ஆக, பிராங்கிய மொழி வழக்கில் இருந்த காலத்திலேயே புகழும் போரும் என்றுதான் பெயரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். குளோவிஸ் பிறந்தபோது பெற்றோர் எதை நினைத்தார்களோ, முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சமூகம் இப்படித்தான் புரிந்துகொண்டது.

எர்மோல்டஸ் பாடிய அந்தப் பேரரசருக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால், பொருள் முற்றிலும் பின்னுக்குப் போய்விடும். சார்லமேனின் குடும்பத்தில் வழங்கிய ஆண் பெயர்கள் பெப்பின், கார்ல், கார்ல்மன் போன்றவை. லுட்விக் அதில் கிடையாது. அது அவர்கள் அரியணையிலிருந்து இறக்கிய மெரோவிஞ்சியக் குடும்பத்தின், அதாவது குளோவிஸ் குடும்பத்தின் பெயர். 751இல் சார்லமேனின் தந்தை பெப்பின், கடைசி மெரோவிஞ்சிய அரசர் மூன்றாம் கில்டெரிக்கின் நீண்ட தலைமுடியை வெட்டச் செய்து மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் அரசரானார். அந்தக் குடும்பத்தில் நீண்ட முடிதான் அரசுரிமையின் அடையாளம். அதன்பின் ஒரு தலைமுறை கழியும் முன்பே, 778இல், சார்லமேனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒரு குழந்தைக்கு லுட்விக், இன்னொன்றுக்கு லோத்தார் என்று பெயர். அதாவது குளோவிஸ், குளோத்தார். லோத்தார் சிறு வயதிலேயே இறந்துவிட்டது. அரியணையைப் பறித்தாயிற்று, இனி அந்த அரியணையின் பழைய பெயர்களும் எங்களுடையவை என்று அறிவிப்பதுதான் அந்தப் பெயரிடுதல். புகழ்பெற்ற போர்வீரன் ஆகட்டும் என்ற வாழ்த்து அதில் எங்கே இருக்கிறது?

அந்தப் பேரரசரின் பிள்ளைகளுக்குள் மூண்ட பங்காளிச் சண்டைதான் இந்தப் பெயருக்கு அழியாத ஆவணம் ஒன்றைத் தந்தது. 842 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்கில், இளையவர்களான சார்லஸும் லுட்விக்கும் மூத்தவர் லோத்தாருக்கு எதிராகச் சபதம் செய்துகொண்டார்கள். இரு தரப்புப் படைவீரருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகச் சபதம் இரண்டு மொழிகளில் சொல்லப்பட்டது: பிரெஞ்சுக்கு முன்னோடியான மக்கள் மொழி ஒன்று, பழைய ஜெர்மன் மற்றொன்று. அந்த ஏட்டில் ஒரே மனிதரின் பெயர் ஒரு மொழியில் ‘லோதுவிக்ஸ்’ என்றும் மறு மொழியில் ‘லுதுவிகே’ என்றும் நிற்கிறது. ஒரே நாள், ஒரே ஆள், இரண்டு மொழிகள். லூயியும் லுட்விக்கும் எந்த இடத்தில் பிரிந்தன என்று யாராவது கேட்டால் இந்த ஏட்டைக் காட்டலாம்.

‘லோதுவிக்ஸ்’ என்பதன் கடைசி ஸகரத்தைக் கவனியுங்கள். அது பெயரின் வேரில் கிடையாது. எழுவாயைக் காட்டும் லத்தீன் விகுதியான ‘உஸ்’ தேய்ந்து நின்ற எச்சம். நண்பனைக் குறிக்கும் அமிக்குஸ் பழைய பிரெஞ்சில் அமிஸ் ஆனதுபோல, லுடோவிக்குஸ் தேய்ந்து லோயிஸ் ஆகி, பிறகு லூயி என்று நிலைத்தது. எழுத்தில் இன்றும் ஸகரம் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர் அதை உச்சரிப்பதில்லை. ஆங்கிலேயர் உச்சரிப்பது உண்டு. தமிழில் லூயி, லூயிஸ் என்று இரண்டு வழக்கும் இருப்பதற்குக் காரணம் இதுதான். முன்னது பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து வந்தது, பின்னது ஆங்கிலேயர் வாயிலிருந்து.

9ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜெர்மனில் முதல் ஹகரமும் உதிரத் தொடங்கியது. 881இல் சோக்கூர் என்ற இடத்தில் வைக்கிங்குகளை வென்ற மூன்றாம் லூயியைப் பற்றிய பழைய ஜெர்மன் பாட்டில் ‘ஹ்லுதுயிக்’ என்று அந்த ஹகரம் இன்னும் கேட்கிறது. அதற்குப் பின் வந்த எழுத்துகளில் அது மறைந்துவிட்டது. பிரான்சை ஆண்ட அரசர் ஒருவரை ஜெர்மன் மொழியில் பாடியிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்கலாம்.

பிரான்சின் அரசர் வரிசை இதற்குப் பிறகு பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோயிற்று. எண்ணிக்கையை அவர்கள் எர்மோல்டஸ் பாடிய பேரரசரிலிருந்து தொடங்கினார்கள். முதலாம் லூயி அவர்தான். குளோவிஸும் அதே பெயர் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பதினான்காம் லூயிக்கு இன்னும் பெரிய எண் கிடைத்திருக்கும். ஜெர்மானியரும் அதே பேரரசரைத் தங்கள் லுட்விக் வரிசையில் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு வரிசை பதினெட்டில் நின்றது. அதில் பதினேழாமவர் சிறையிலேயே இறந்த சிறுவன், ஒரு நாளும் ஆளவில்லை. அமெரிக்காவின் லூசியானா, பதினான்காம் லூயியின் பெயரை 1682இல் பெற்றது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1706இல் கட்டி முடித்த கோட்டையும் லூயி கோட்டைதான். 1761இல் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள்.

அரசர்களை விட ஒரு புனிதர்தான் சாதாரண மக்கள் வீட்டுக்குள் இந்தப் பெயரைக் கொண்டுவந்தார். ஒன்பதாம் லூயி, சிலுவைப் போருக்குச் சென்று 1270 ஆகஸ்ட் 25 அன்று தூனிஸ் அருகே இறந்தவர். 1297இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதோடு, பழைய தெய்வங்களை வணங்கிய காலத்தின் போர்ப்பெயர் ஒன்று கிறிஸ்தவத் திருப்பெயர் ஆயிற்று, நாள்காட்டியிலும் இடம்பெற்றது. அந்த நாள்காட்டி எவ்வளவு வேலை செய்தது என்பதற்குப் பவேரியா சாட்சி. 1786 ஆகஸ்ட் 25 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் பிறந்த குழந்தைக்குப் பதினாறாம் லூயி ஞானத்தந்தை, எனவே லுட்விக். பின்னாளில் பவேரியாவின் முதலாம் லுட்விக் ஆனவர் அவர். 1810இல் அவர் திருமணத்தை ஒட்டி நடந்த கொண்டாட்டம்தான் மியூனிக்கின் அக்டோபர் திருவிழாவுக்கு ஆரம்பம். அவருடைய பேரன் 1845இல் அதே ஆகஸ்ட் 25 அன்று பிறந்தான். ஓட்டோ என்று பெயரிட இருந்தார்கள். என் பிறந்தநாளில், புனித லூயி திருநாளில் பிறந்த பிள்ளைக்கு லுட்விக்தான் என்று தாத்தா பிடிவாதம் பிடித்து மாற்றினார். நொய்ஷ்வான்ஷ்டைன் மாளிகையைக் கட்டிய இரண்டாம் லுட்விக் அந்தப் பேரன்.

தமிழ் நாட்டுக்கும் ஈழத்துக்கும் இந்தப் பெயர் அகலமாக வந்து சேர்ந்தது இன்னொரு புனிதர் வழியாக. 1568இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் ஒரு பிரபுக் குடும்பத்தில் லுயீஜி கொன்சாகா பிறந்தார். பட்டத்தைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்து, ரோமில் கொள்ளைநோயாளிகளைப் பராமரிக்கும்போது நோய் தொற்றி 1591இல், 23 வயதில் இறந்தார். லத்தீனில் அவர் பெயரை லுடோவிக்குஸ் என்று எழுதாமல் அலோசியஸ் என்று எழுதினார்கள். தெற்குப் பிரான்சில் வழங்கிய அலோயிஸ் என்ற வடிவத்திலிருந்து அது வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. ‘பேரறிவுடையவன்’ என்று பொருள்படும் வேறொரு ஜெர்மானியப் பெயர் அதில் கலந்திருக்கலாம் என்போரும் உண்டு. 1726இல் புனிதர் பட்டம் கிடைத்தபின், இயேசு சபையார் போன இடமெல்லாம் இந்தப் பெயரும் போயிற்று.

தமிழில் அந்தப் புனிதருக்கு வழங்கும் பெயர் ஞானப்பிரகாசியார். அக்காலத்துப் பாதிரிமார் புனிதர் பெயர்களைத் தமிழாக்குவதில் துணிச்சல்காரர்கள். யோவான் என்ற எபிரேயப் பெயரில் இறைவனின் அருள் என்ற பொருள் இருப்பதை அறிந்து அருளப்பர் என்றார்கள், அது பொருள்வழி மொழிபெயர்ப்பு. ஞானப்பிரகாசியாரில் அப்படி எதுவும் இல்லை. புகழும் போரும் அடியோடு காணாமல்போய், ஞானமும் ஒளியும் வந்து உட்கார்ந்துவிட்டன. பொருளைச் சுமக்காமல் மனிதரை மட்டும் சுமந்து வந்த பெயர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை ஐரோப்பாவில்கூடக் காட்ட முடியாது. ஆனால் ஞானப்பிரகாசம் என்ற பெயருடையவர் எல்லாம் லுட்விக் வழியினர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தப் பெயர் சைவ மரபிலும் பழையது.

உருவ ஒற்றுமையால் ஏமாற்றும் வேறு சில பெயர்களும் உண்டு. லூர்து, பிரான்சில் உள்ள ஊரின் பெயர், லூயியோடு தொடர்பில்லை. லூக்கா, லூசியா, லூசியஸ் எல்லாம் லத்தீன், கிரேக்கம் பக்கம். லியோபோல்ட் ஜெர்மானியப் பெயர்தான், ஆனால் அதன் முதல் பாதி ‘மக்கள்’ என்ற வேறு சொல். வேல்ஸ் நாட்டில் லூயிஸ் என்று இருப்பவர்களில் பலர் உண்மையில் ஹ்லவெலின் என்ற உள்ளூர்ப் பெயருக்கு ஆங்கில உடுப்பு மாட்டியவர்கள். தாயம் உருட்டி விளையாடும் லூடோவும் லத்தீன் லூடுஸ்தான், எர்மோல்டஸ் அரசரைக் குளிர்விக்கப் பயன்படுத்திய அதே சொல். அமெரிக்காவில் பதின்மூவாயிரம் ஆண்டுப் பழமையான கல் ஈட்டிமுனைகளுக்குக் குளோவிஸ் என்று பெயர் இருப்பதைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். அவை கிடைத்த இடத்துக்கு அருகே உள்ள நியூ மெக்சிகோ ஊரின் பெயர் குளோவிஸ், அந்த ஊருக்குத்தான் பிராங்கிய அரசரின் பெயர்.

பீத்தோவனுக்கு வருவோம். 1770இல் பான் நகரில் பிறந்த அவருக்குத் தாத்தாவின் பெயர் வைத்தார்கள். தாத்தா இன்றைய பெல்ஜியத்தின் மெக்கலன் ஊரிலிருந்து பான் அரண்மனைக்குப் பாடகராக வந்து இசைத் தலைவரானவர், அவரும் லுட்விக்தான். இங்கும் காரணம் தாத்தாவே தவிரப் பொருள் இல்லை. பேரனோ பெயரை எந்த மொழியில் எழுதினாலும் பொருட்படுத்தவில்லை. நெப்போலியன் பெயரை அடித்துத் துளையிட்டதாகப் புகழ்பெற்ற மூன்றாம் சிம்பொனியின் கைப்பிரதி முகப்பில் ‘லூயி வான் பீத்தோவன்’ என்று இருக்கிறது. அதே படைப்பு 1806இல் அச்சானபோது ‘லுயீஜி வான் பீத்தோவன்’ என்று வந்தது.

ஆகவே பெயர் வைக்கத் தடையேதும் இல்லை. பொருள் கேட்பவர்களிடம் புகழும் போரும் என்று சொல்லுங்கள், ‘போர்வீரன்’ என்ற சொல்லை விட்டுவிடலாம். எழுதும் விதம் பற்றி மட்டும் ஒரு சொல். ஜெர்மனில் முதல் உகரத்தை நீட்டியே சொல்கிறார்கள். நடுவில் டகரம் வல்லொலியாக வருகிறது. கடைசி எழுத்து ஊருக்கு ஊர் மாறும்: வடக்கில் ‘லூட்விஷ்’ என்பதற்கு நெருக்கமாகவும், பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் ‘லூட்விக்’ என்றும் கேட்கும். பீத்தோவன் பான் ஊர்க்காரர், வாழ்ந்தது வியன்னாவில், இரண்டையுமே கேட்டிருப்பார். தமிழில் லுட்விக் என்று எழுதுவது நிலைபெற்றுவிட்டது. பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் பெயருக்கு வடிவம் மாறும் பழக்கம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது.